மயிரிழை வெற்றியின் மதிப்பு

விளையாட்டிலே வென்றவர் வென்றவரே, தோற்றவர் தோற்றவரே. ஓர் ஓட்டத்தால் வென்ற கிரிக்கெட் அணிக்கும், ஓர் இன்னிங்ஸால் வென்ற அணிக்கும் பதிவேட்டில் எழுதப்படும் சொல் ஒன்றுதான். ஆயினும், வென்று திரும்பும் அணியைப் பார்த்து, "நீங்கள் வென்றது உண்மை, வென்ற விதம் போதாது" என்று கூறி, அதனை முதலிடத்திலிருந்து கீழே இறக்கிவிடும் வழக்கம் ஒன்றும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரி உதைபந்தாட்டமே அவ்வழக்கத்தின் இருப்பிடம். தொண்ணூறு ஆண்டுகளாக அந்நாட்டு மக்கள் இதுபற்றி வாதாடி வந்திருக்கின்றனர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

உதைபந்தாட்டம் என்ற பெயர் நேயர்களை மயக்கக்கூடும். அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது, நமது மைதானங்களில் ஆடப்படும் ஆட்டத்தை அன்று. றக்பி ஆட்டத்தின் வழிவந்த ஓர் ஆட்டம் அது. நீள்வட்ட வடிவான பந்தைக் கையில் ஏந்தியும், முன்னோக்கி வீசியும், எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து கொண்டு செல்லுதல் வேண்டும். அங்ஙனம் கடந்தால் 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் மேலும் 1 புள்ளி. தூரத்திலிருந்து நேரே உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் 3 புள்ளிகள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஏனைய விதிகள் ஒரு நூலளவு விரியும்.

கல்லூரி என்ற சொல்லுக்கும் ஒரு விளக்கம் வேண்டும். நம் நாட்டிலே பெரிய பாடசாலைகளையும் கல்லூரி என்கிறோம். அங்கே அது பல்கலைக்கழகத்தைக் குறிக்கும். 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் நகரிலே றட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் முதன்முதலாக மோதின. றட்கர்ஸ் 6 - 4 என்ற கணக்கில் வென்றது. மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய அது, இன்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே மைதானத்தில் அமர்ந்து காணும் பெருவிழாவாக வளர்ந்துவிட்டது. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகள் அங்கே உதைபந்தாட்டத்துக்கு உரியவை என்றே சொல்லிவிடலாம்.

இவ்வாட்டத்திற்கு ஒரு பெருங்குறை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. ஆடுவோரின் உடல் நோக அடிபடும் ஆட்டமாகையால், ஓர் அணி வாரத்திற்கு ஒருமுறைதான் ஆட முடியும். ஒரு பருவத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆட்டங்கள். முதற் பிரிவைச் சேர்ந்த அணிகளோ இன்று நூற்று முப்பதுக்கும் மேல். எல்லோரும் எல்லோருடனும் மோதுவதென்பது நடவாத காரியம். ஆகவே, தெற்கிலே எல்லா ஆட்டங்களையும் வென்ற அணியும், வடக்கிலே எல்லா ஆட்டங்களையும் வென்ற அணியும் ஒன்றையொன்று காணாமலே பருவத்தை முடித்துவிடும். இவற்றுள் எது முதல்? பொதுப் பரீட்சை இல்லாத ஒரு நாட்டிலே, பாடசாலைதோறும் முதலாவதாக வந்த பிள்ளைகளுள் யார் நாட்டுக்கு முதல் என்று கேட்பதை இது ஒக்கும். வினாத்தாள் வேறு, திருத்தியவர் வேறு, உடன் எழுதிய பிள்ளைகள் வேறு. அளவுகோல் இல்லாத இடத்தில் அபிப்பிராயமே அளவுகோலாகிறது.

வாக்கெடுப்புத் தோன்றுமுன்னரே இந்த நோய்க்கான அறிகுறிகள் தோன்றிவிட்டன. 1916ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி அட்லாண்டா நகரிலே ஜோர்ஜியா தொழினுட்பக் கல்லூரி, கம்பர்லாந்து என்னும் சிறு கல்லூரியை 222 - 0 என்று தோற்கடித்தது. இன்றுவரை அதனை மிஞ்சிய கணக்கு இல்லை. வென்ற அணியின் பயிற்றுநர் ஜோன் ஹைஸ்மன். பத்திரிகைக்காரர் பருவம் முழுவதும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தே அணிகளின் தகுதியை அளந்தனர் என்றும், அவ்வழக்கம் எத்துணை அறிவீனமானது என்பதை உலகறியச் செய்யவே அவர் அவ்வாறு அடித்து நொறுக்கினார் என்றும் ஒரு காரணம் கூறப்படுவதுண்டு. பேஸ்போல் ஆட்டத்தில் கம்பர்லாந்திடம் பட்ட பழைய தோல்விக்குப் பழிவாங்கினார் என்பது மற்றொரு காரணம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். மனிதர் ஒரு காரியத்தை ஒரு காரணத்துக்காக மட்டும் செய்வதில்லை. எவ்வாறாயினும், தோற்ற கம்பர்லாந்து மாணவர்களுக்குப் பயிற்றுநரின் தத்துவம் எந்த ஆறுதலையும் தந்திராது.

இதனை ஒழுங்கான கணக்கில் அடக்க முயன்றவர், இலினோய் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியர் பிராங்க் டிக்கின்சன். 1920களின் நடுப்பகுதியில் அவர் வகுத்த முறையிலே, வலிமை மிக்க அணியை வென்றால் 30 புள்ளிகள். வலிமை குறைந்த அணியை வென்றால் 20. தோற்றாலும், எதிரியின் வலிமைக்கேற்பப் பாதிப் புள்ளிகள் உண்டு. இறுதியில் சராசரி எடுக்கப்படும். இம்முறையிலே குறிப்பிடத்தக்கது யாதெனில், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்ற கேள்வியே எழவில்லை என்பதுதான். ஒரு புள்ளியால் வென்றாலும் 30. ஐம்பது புள்ளியால் வென்றாலும் 30. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் நூட் றொக்னி, பேராசிரியரை விருந்துக்கு அழைத்து, இந்தக் கணக்கை 1924ஆம் ஆண்டுக்கும் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கும்படி வேண்டினார் என்று கூறுவர். போட்டுப் பார்த்ததில் அவ்வாண்டின் முதலிடம் நோட்டர் டேமுக்கே கிடைத்தது. விருந்தின் சுவை கணக்கிலும் ஏறியதோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவ்வாண்டு நோட்டர் டேம் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பொருளியற் பேராசிரியரின் சராசரி, பொதுமக்களின் நெஞ்சைத் தொடவில்லை. அதனைத் தொட்டவர் ஒரு பத்திரிகையாளர். அசோசியேற்றட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனத்தின் விளையாட்டுப் பகுதி ஆசிரியராயிருந்த அலன் கூல்ட், 1935ஆம் ஆண்டு முடிவிலே மினசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ற் ஆகிய மூன்றையும் சமமான முதல் அணிகளாக அறிவித்தார். நடுநிலைமை என்று அவர் கருதியது மினசோட்டா மக்களுக்கு அவமதிப்பாகப் பட்டது. அவருடைய கொடும்பாவியையே தூக்கிலிட்டனர் என்பர். இனித் தனியொருவர் தலையில் இப்பழி விழவேண்டாம் என்றோ என்னவோ, அடுத்த ஆண்டில் நாடெங்குமுள்ள பத்திரிகையாளரிடம் வாரந்தோறும் வாக்குச் சேகரிக்கும் முறையை அவர் தொடங்கிவைத்தார். ஒரு சனிக்கிழமைக்கும் மறு சனிக்கிழமைக்கும் இடையே மக்கள் வாதாடிக்கொண்டிருக்க ஏதேனும் வேண்டும் என்பதே தமது நோக்கமென்று பிற்காலத்தில் அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நீதி வழங்குவதற்கென்று ஏற்பட்ட மன்றம் அன்று அது. பத்திரிகை விற்பதற்கென ஏற்பட்ட உத்தி. இவ்வுண்மையை மறந்துவிட்டால் பின்வந்த வரலாறு விளங்காது.

முறை எளிது. வாக்காளர் ஒவ்வொருவரும் தமக்குச் சிறந்தனவாகத் தோன்றும் அணிகளை வரிசையாக எழுதியனுப்புவர். முதலிடத்துக்கு மிகுந்த புள்ளி, அடுத்ததற்கு ஒன்று குறைவு, இப்படியே கீழிறங்கும். 1989 முதல் 25 அணிகள் எழுதப்படுகின்றன. முதலாவதற்கு 25 புள்ளிகள், இருபத்தைந்தாவதற்கு 1. எல்லோருடைய புள்ளிகளையும் கூட்டினால் நாட்டின் தரவரிசை கிடைக்கும். எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது என்று வாக்காளருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகையால் கண்ணுக்கு எளிதில் தென்படுவதைக் கொண்டே பெரும்பாலானோர் அளந்தனர்; ஞாயிறு காலைப் பத்திரிகையில் எளிதில் தென்படுவது புள்ளிக் கணக்கு.

முதல் ஆண்டிலேயே இதன் குணம் வெளிப்பட்டது. 1936 ஒக்டோபர் 19ஆம் திகதிப் பட்டியலில் மினசோட்டா முதலிடம் பெற்றது. ஒக்டோபர் 31இல் நோர்த்வெஸ்டேர்ண் அதனை 6 - 0 என்று வென்று, 28 ஆட்டங்களாகத் தோல்வி காணாதிருந்த அதன் தொடருக்கு முற்றுப்புள்ளி வைத்தது, முதலிடத்தையும் கைப்பற்றிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து நோர்த்வெஸ்டேர்ண், நோட்டர் டேமிடம் 26 - 6 என்று தோற்றது. இறுதிப் பட்டியலில் மினசோட்டா முதலாவது. அதனை நேருக்கு நேர் வென்ற நோர்த்வெஸ்டேர்ண் ஏழாவது. இரண்டுக்கும் ஒவ்வொரு தோல்விதான். சிறிய தோல்வியும் முன்னே வந்த தோல்வியும் மன்னிக்கப்பட்டன. பெரிய தோல்வியும் பின்னே வந்த தோல்வியும் மன்னிக்கப்படவில்லை.

தோல்வியை இவ்வாறு எடைபோட்டவர்கள் வெற்றியையும் எடைபோடாமலிருப்பார்களா? அதற்குரிய சிறந்த சான்று 1946ஆம் ஆண்டு வரலாறு.

வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் அணி அக்காலத்தில் ஒப்பாரும் மிக்காருமின்றி விளங்கியது. 1944, 1945 ஆகிய இரண்டாண்டுகளிலும் தோல்வியே காணாது முதலிடம் பெற்றது. உலகப் போரினால் ஏனைய கல்லூரிகளில் இளைஞர் குறைந்திருந்த காலம் அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நோட்டர் டேமை 59 - 0 என்றும், அடுத்த ஆண்டில் 48 - 0 என்றும் அவ்வணி நசுக்கியிருந்தது. பெலிக்ஸ் பிளான்சார்ட், கிளென் டேவிஸ் என்னும் இரு வீரர்கள் அதன் இரு கைகள். முன்னவர் 1945லும் பின்னவர் 1946லும் நாட்டின் சிறந்த வீரருக்குரிய விருதைப் பெற்றனர். 222 புள்ளி எடுத்த ஹைஸ்மனின் பெயராலேயே அவ்விருது வழங்கப்படுகின்றது.

போர் முடிந்தது, போர்முனையிலிருந்து இளைஞர் கல்லூரிக்குத் திரும்பினர், நோட்டர் டேமும் வலுப்பெற்றது. 1946 நவம்பர் 9ஆம் திகதி நியூ யோர்க்கின் யாங்கி மைதானத்தில், முதலிடத்து இராணுவ அணியும் இரண்டாமிடத்து நோட்டர் டேமும் மோதின. இரண்டு மாபெரும் அணிகளும் ஒன்றையொன்று அஞ்சியதுபோல் ஆடின. முடிவு 0 - 0. இரு அணிகளுக்கும் பழுதில்லை; இராணுவ அணி முதலிடத்திலேயே இருந்தது.

அடுத்து நவம்பர் 30ஆம் திகதி. பிலடெல்பியா நகரிலே இராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் ஆண்டுதோறும் ஆடும் பரம்பரை ஆட்டம். கடற்படை அணி அவ்வாண்டு ஒரேயோர் ஆட்டத்தைத்தான் வென்றிருந்தது, ஏழில் தோற்றிருந்தது. இராணுவ அணிக்கு இது ஒரு சம்பிரதாயம் என்றே பலரும் எண்ணியிருப்பர். முதற் பாதி முடிவில் 21 - 6 என்று இராணுவம் முன்னணியில் நின்றது. பிற்பாதியில் காற்றுத் திசை மாறியது. கடற்படை மாணவர் இரண்டு முறை கோட்டைக் கடந்தனர். 21 - 18. ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் பந்து இராணுவத்தின் எல்லைக் கோட்டுக்குச் சில யார் தூரத்தில் நின்றது. அந்தச் சில யாரைக் கடக்குமுன் நேரம் முடிந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அந்த 3 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இரு அணிகளும் மும்மூன்று முறை கோட்டைக் கடந்தன. இராணுவம் அதன்பின் உதைத்த மூன்று உதைகளும் பலித்தன. கடற்படை உதைத்த மூன்றும் தவறின. அவ்வளவே. அதே நாளில் நோட்டர் டேம், தென் கலிபோர்னியா அணியை 26 - 6 என்று வென்றது. அதன்பின் எடுக்கப்பட்ட இறுதி வாக்கெடுப்பிலே நோட்டர் டேம் முதலிடம், இராணுவம் இரண்டாமிடம். மூன்றாண்டுகள் ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணி, தன் கடைசி ஆட்டத்தில் வென்று, வென்ற காரணத்தாலேயே மகுடத்தை இழந்தது. பிளான்சார்டும் டேவிசும் கல்லூரிக்காக ஆடிய கடைசி ஆட்டம் அதுவே.

வாக்காளரைக் குறைகூறுவது எளிது. ஆயினும் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஏழு தோல்வி கண்ட அணியிடம் திணறிய அணி, நாட்டின் முதலணியா என்று அவர்கள் கேட்டனர். மயிரிழை வெற்றியிலே திறமையைவிட அதிர்ஷ்டத்தின் பங்கு மிகுதி என்பதும், பெரிய வித்தியாசத்தில் வெல்லும் அணியே வருங்காலத்திலும் பெரும்பாலும் வெல்லும் என்பதும் கணக்கியலார் பிற்காலத்தில் பல விளையாட்டுகளிலும் கண்ட உண்மை. ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நாளை ஆடினால் எவர் வெல்வர் என்பது ஒன்று. இதுவரை ஆடியதில் எவர் அதிகம் சாதித்தார் என்பது மற்றொன்று. புள்ளி வித்தியாசம் முதற் கேள்விக்கு நல்ல விடை தரும். இரண்டாவது கேள்விக்கு வெற்றியே விடை. பரிசளிப்பு விழாவில் பரிசு பெறவேண்டிய பிள்ளை, பரீட்சை எழுதிய பிள்ளையா, அடுத்த ஆண்டு நன்றாக எழுதுவான் என்று ஆசிரியர் நம்பும் பிள்ளையா? வாக்குச் சீட்டிலே இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கும் இடம் என்றும் இருந்ததில்லை.

1950இல் யுனைற்றட் பிரஸ் என்னும் மற்றொரு செய்தி நிறுவனம், பயிற்றுநர்களிடமே வாக்குக் கேட்கத் தொடங்கியது. தம் அணிக்குத் தாமே வாக்களிக்கும் நீதிபதிகள் இப்படி உருவாயினர்! இரண்டு வாக்கெடுப்புகளும் சில ஆண்டுகளில் இரண்டு வேறு அணிகளுக்கு முடிசூட்டின. புத்தாண்டையொட்டி நடைபெறும் 'பௌல்' என்னும் சிறப்பாட்டங்களுக்கு முன்னரே இறுதி வாக்கெடுப்பை எடுத்துவிடுவதும் அந்நாள் வழக்கம். 1964இல் முடிசூட்டப்பட்ட அலபாமா, அடுத்து வந்த புத்தாண்டு நாளில் டெக்சாஸ் அணியிடம் 21 - 17 என்று தோற்றபின்னரும் முடி அதன் தலையிலேயே இருந்தது.

அதே அலபாமாவுக்கு 1966இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அவ்வாண்டு நவம்பர் 19ஆம் திகதி நோட்டர் டேமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் ஈஸ்ற் லான்சிங் நகரில் 10 - 10 என்று சமநிலையில் முடித்தன. கடைசி நிமிடத்திலே பந்து நோட்டர் டேமிடம் இருந்தது. வெற்றிக்கு முயலலாம், முயன்றால் பந்தைப் பறிகொடுத்துத் தோற்கவும் கூடும். பயிற்றுநர் ஆரா பார்சீகியன் நேரத்தைக் கழிக்கவே கட்டளையிட்டார். எதிரணியினர் கோழைகள் என்று ஏளனஞ் செய்தனர். அவர் கணக்கோ தவறவில்லை. அடுத்த வாரம் தென் கலிபோர்னியாவை 51 - 0 என்று அடித்து, முதலிடத்தை உறுதியாக்கிக்கொண்டார். எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்த அலபாமாவுக்குக் கிடைத்தது மூன்றாமிடம். அது டென்னசி அணியைக் கொட்டும் மழையில் 11 - 10 என்று வென்று தப்பிய ஆண்டு அது. அலபாமா கறுப்பின மாணவரைத் தன் அணியில் சேர்க்காதிருந்தமை வாக்காளர் மனத்தை மாற்றியது என்று சொல்வாரும் உளர். அது ஆட்டத்தைக் காட்டிலும் பெரிய நீதிபற்றிய வழக்கு. புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால், வலியவனோடு சமநிலை என்பது, ஒரு புள்ளி வெற்றியையும் உள்ளிட்ட பத்து வெற்றிகளைவிட மேலானதாக எண்ணப்பட்டது.

பார்சீகியன் செய்ததைச் செய்ய மறுத்த ஒருவரும் இருந்தார். நெப்ராஸ்காவின் பயிற்றுநர் ரொம் ஒஸ்போண். 1984 ஜனவரி 2ஆம் திகதி, மயாமி நகரிலே, மயாமி அணியோடு ஆட்டம். நெப்ராஸ்கா அதுவரை பன்னிரண்டு ஆட்டமும் வென்று முதலிடத்தில் இருந்தது. இறுதி நிமிடத்தில் கோட்டைக் கடந்து 31 - 30 என்று நெருங்கியது. ஓர் உதை உதைத்தால் 31 - 31; சமநிலை. முதலிடம் பெரும்பாலும் கையைவிட்டுப் போயிராது. ஆனால் விதிகளில் மற்றொரு வழியும் உண்டு: உதைப்பதற்குப் பதிலாக மீண்டும் ஒருமுறை கோட்டைக் கடந்தால் 2 புள்ளிகள், வெற்றி. ஒஸ்போண் வெற்றிக்கே முயன்றார். வீசிய பந்து கையில் நிற்கவில்லை. ஐந்தாமிடத்தில் இருந்த மயாமி முதலிடத்துக்குப் பாய்ந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1994இல், அதே ஒஸ்போணுக்குத் தோல்வியே காணாத மற்றோர் அணி வாய்த்தது. அவருக்குப் போட்டியாக நின்றது ஜோ பட்டேர்னோ பயிற்றுவித்த பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். அதுவும் தோல்வி காணவில்லை. ஒக்டோபர் 29ஆம் திகதி பென்சில்வேனியா அணி ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 63 - 14 என்று வென்றது. அன்றே நெப்ராஸ்கா வலிமை மிக்க கொலராடோவை 24 - 7 என்று வென்று, பத்திரிகையாளர் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பயிற்றுநர் பட்டியலில் மட்டும் பென்சில்வேனியா முதலிடத்தில் நின்றது. நவம்பர் 5ஆம் திகதி அவ்வணி இந்தியானாவோடு ஆடியது. ஆட்டம் முடியுந் தறுவாயில் 35 - 14 என்று முன்னணி. வெற்றி கைக்குள் வந்துவிட்டதாகையால், பருவம் முழுவதும் பலகையிலேயே அமர்ந்திருந்த மாற்று வீரர்களைப் பட்டேர்னோ களத்தில் இறக்கினார். எஞ்சிய நேரத்திலே இந்தியானா அடுத்தடுத்து இருமுறை கோட்டைக் கடந்தது. அவற்றுள் ஒன்று ஆட்டத்தின் கடைசி வீச்சில். முடிவு 35 - 29.

ஆட்டத்தை நேரிற் கண்டவருக்கு அது நெருக்கமான ஆட்டமன்று. மறுநாட் பத்திரிகையில் கணக்கை மட்டும் கண்டவருக்கு அது மயிரிழை வெற்றி. பயிற்றுநர்களும் தம் வாக்கை மாற்றினர். பென்சில்வேனியா அங்கும் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. பருவ முடிவில் நெப்ராஸ்கா, மயாமியை 24 - 17 என்று வென்றது. பென்சில்வேனியா, ஒரிகனை 38 - 20 என்று வென்றது. ஒன்றுக்கும் தோல்வியில்லை. முடி நெப்ராஸ்காவுக்கு. ஒஸ்போண் பத்தாண்டு காத்திருந்து பெற்ற அம்முடி அவருக்குத் தகாதது என்று யாரும் சொல்லமாட்டார்.

ஆனால் அந்த மாற்று வீரர்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாடசாலை அணியிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. காலையும் மாலையும் பயிற்சிக்கு வருவார்கள். மற்றவர்களோடு ஒப்ப வியர்வை சிந்துவார்கள். பெயர் அறிவிக்கப்படும்போது அவர்கள் பெயர் வராது. ஆட்டம் உறுதியானபின் கிடைக்கும் சில நிமிடங்களே அவர்கள் பங்கு. எதிரியை அளவுக்கு மீறி அவமதிக்காதிருப்பதற்கும், இப்பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்குமாகவே நல்ல பயிற்றுநர் முதன்மை வீரரை வெளியே அழைப்பார். அந்தப் பெருந்தன்மைக்கு 15 புள்ளி விலை என்று வாக்கெடுப்பு அறிவித்தபோது, நாடெங்குமுள்ள பயிற்றுநர் கற்றுக்கொண்ட பாடம் யாதாயிருக்கும்? அடிக்கும்போது இன்னும் அடி. எளியவன் வீழ்ந்தபின்னும் விடாதே. ஹைஸ்மன் எள்ளி நகைத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பழைய கணக்கு, நாகரிக உடை உடுத்து மீண்டும் வந்தது.

இக்கேட்டை அதிகாரிகள் உணராமலில்லை. 1998 முதல் 2013 வரை நடைமுறையிலிருந்த ஓர் ஏற்பாட்டிலே, வாக்கெடுப்புகளோடு கணினிக் கணக்குகளையும் சேர்த்து இரு அணிகளைத் தெரிந்து இறுதியாட்டம் நடத்தினர். புள்ளி வித்தியாசத்தைக் கணினிகள் கணக்கில் எடுக்கலாகாது என்று 2002இல் விதித்துவிட்டனர். டிக்கின்சன் பேராசிரியரின் பழைய கொள்கை இவ்வாறு மறுபிறவி எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்தின் கண்ணைக் கட்டியவர்கள் மனிதரின் கண்ணைக் கட்டவில்லை, கட்டவும் இயலாது. வாக்காளர் தம் விருப்பம்போல் வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தனர்.

அதே 2002ஆம் ஆண்டில், மயிரிழை வெற்றியின் மதிப்பைக் காட்டவென்றே அனுப்பப்பட்டதுபோல் ஓர் அணி தோன்றியது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 14 ஆட்டங்களையும் வென்றது. அவற்றுள் ஏழு வெற்றிகள் 7 புள்ளியோ அதற்குக் குறைவோ ஆன வித்தியாசத்தில். சின்சினாட்டியை 23 - 19, பர்டியூவை 10 - 6, மிச்சிகனை 14 - 9 என்று ஒவ்வொரு வாரமும் ஆதரவாளரின் உயிரைக் கையிற் பிடிக்கவைத்தது. இறுதியாட்டத்தில் எதிரி மயாமி. 34 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்ற அணி. 2003 ஜனவரி 3ஆம் திகதி, மேலதிக நேரம் இரண்டுமுறை நீடிக்கப்பட்டு, ஒகையோ 31 - 24 என்று வென்றது. சமநிலை என்பதே 1996இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால் இந்த மேலதிக நேரம். நெருக்கடியில் கலங்காமை அதிர்ஷ்டமன்று, அதுவும் ஒரு கல்வியே என்பார்க்கு இவ்வணி என்றும் நிலைத்த சான்று.

மறுதரப்பார்க்கும் சான்று வராமற் போகவில்லை. 2014இல் வாக்கெடுப்புகளையும் கணினிகளையும் நீக்கி, ஒரு தெரிவுக் குழுவை அமர்த்தி, நான்கு அணிகளைப் போட்டியிடச் செய்தனர். முந்திய ஆண்டின் முதலணியான புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அவ்வாண்டும் 13 ஆட்டங்களையும் வென்றது. ஆனால் வென்ற கணக்குகளோ 23 - 17, 31 - 27, 30 - 26, 20 - 17, 24 - 19, 37 - 35 என்றவாறு. பெரிய அணிகளுள் தோல்வி காணாதது அது ஒன்றே. குழுவோ அதற்கு மூன்றாமிடமே கொடுத்தது. ஆதரவாளர் கொதித்தனர். 2015 ஜனவரி 1ஆம் திகதி ஒரிகன் அவ்வணியை 59 - 20 என்று சிதறடித்தது. குழுவின் கண் சரியாகவே கண்டது என்று அன்று பலர் கூறினர். அதே குழு நான்காவதாக, இறுதியிடத்தில், சேர்த்துக்கொண்ட ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் அலபாமாவை 42 - 35 என்றும் ஒரிகனை 42 - 20 என்றும் வென்று முதலிடம் பெற்றது. அவ்வணி உள்ளே வந்தது எப்படி? கடைசி வாரத்தில் விஸ்கொன்சினை 59 - 0 என்று அடித்தமையால் என்பர் பலர். அதே வாரம் தன் ஆட்டத்தை 55 - 3 என்று வென்ற டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமோ மூன்றிலிருந்து ஆறாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. மயிரிழை வெற்றி மட்டுமன்று, மாபெரும் வெற்றியும் சிலவேளை போதாது.

2024 முதல் பன்னிரண்டு அணிகள் சேர்க்கப்படுகின்றன. முதலிடம் யாருக்கு என்பதை இப்போது களமே தீர்க்கின்றது. வாதம் பன்னிரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டது. அவ்வாண்டு கடைசி இடத்துக்குப் போட்டியிட்டவை இரண்டு. ஒன்று, மூன்று தோல்வி கண்ட அலபாமா. மற்றொன்று, 1935இல் அலன் கூல்ட் சமமாக முடிசூட்டிய மூன்றனுள் ஒன்றான அதே சதர்ன் மெதடிஸ்ற். அது தன் பிரிவின் இறுதியாட்டத்திலே கிளெம்சன் அணியிடம் 34 - 31 என்று, நேரம் முடிகையில் 56 யார் தூரத்திலிருந்து உதைக்கப்பட்ட ஓர் உதையினால் தோற்றது. மயிரிழைத் தோல்வியாகையால் குழு அதனை மன்னித்து உள்ளே அனுமதித்தது. அலபாமா வெளியே நின்றது. டிசம்பர் 21ஆம் திகதி சதர்ன் மெதடிஸ்ற் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிரி பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். கணக்கு 38 - 10. அலபாமாவில் அன்றிரவே வாதம் மறுபடியும் தொடங்கியிருக்கும்.